கருவி சேரிக்கும் வரட்டும்

முத்துத்துறையாக இருந்த கொற்கை இன்றைக்குக் கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 என்று வந்தது. இப்போது தோண்டாமலே நகரத்தின் அமைப்பைப் பார்க்கலாம். கீழடியில் தரை ஊடுருவும் ராடாரை இழுத்துப் பார்த்தார்கள். காந்தமானிக்குச் சூளையும் சுட்ட செங்கல்லும் பளிச்செனத் தெரியும்.

சரி, ஓலையும் மண்ணும் வச்சுக் கட்டின குடிசை? எங்க சனம் அதுலதானே கிடந்துச்சு. கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளுஸ். அவர்கள் எங்கே படுத்தார்கள்? செங்கல் இருந்த இடம்தான் நகரம் என்று படம் போட்டால், சேரி மறுபடியும் ஊருக்கு வெளியேதான்.

சுவர் கரைஞ்சு போகும். அடுப்பெரிந்த மண் காந்தமானிக்குத் தெரியும். ஆனா கருவியை அங்கே தூக்கிட்டுப் போகணுமே! மேட்டை மட்டும் அளக்காதீங்க. சுற்றியுள்ள வயலையும் அளங்க.