யூனான் அறிவு கடந்து வந்த வழி

உடல்நலம் குன்றினால் ‘யூனானி’ மருந்து வாங்கி உண்ணும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. யூனான் என்பது கிரேக்க நாட்டுக்கு அரபிகள் வழங்கிய பெயர். கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் முறையை முஸ்லிம் அறிஞர்கள் கற்று, திருத்தி, வளர்த்ததே அம்மருத்துவம். மருந்து வந்த வழியிலேயே தத்துவமும் வந்தது. அத்தத்துவம் ஐரோப்பாவை அடைந்தபோது, அங்கு கிறிஸ்தவ மார்க்கச் சிந்தனையின் போக்கையே மாற்றியது. அவ்வரலாற்றை நம் ஜமாஅத் பெருமக்கள் முன் வைக்க விழைகிறோம்.

அப்பாஸியக் கலீஃபா மஃமூன் (ஆட்சி கி.பி. 813–833) காலத்தில் பக்தாதில் மொழிபெயர்ப்புப் பணி செழித்தது. அப்பணியில் தலைசிறந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அவர் ஜாலீனூஸின் மருத்துவ நூல்களையும், அவருடைய மகன் இஸ்ஹாக் அரிஸ்டாட்டிலின் நூல்கள் பலவற்றையும் அரபியில் பெயர்த்தனர். அறிவைத் தருபவர் எம்மார்க்கத்தவர் என்று அன்றைய ஆட்சியாளர்கள் பார்க்கவில்லை.

அக்காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்கள் சில மட்டுமே இலத்தீனில் கிடைத்தன. 1085ஆம் ஆண்டு ஸ்பெயினின் தொலேதோ நகர் கிறிஸ்தவ மன்னரின் வசமானது. அங்கிருந்த அரபு நூல்களைத் தேடி அறிஞர்கள் வந்தனர். இத்தாலியரான கிரெமோனா ஜெரார்டு (மறைவு 1187) எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலான ‘அல்கானூன்’ அவற்றுள் ஒன்று. கிரேக்க மொழியிலிருந்து நேரடியாகப் பெயர்த்தவர்களும் இருந்தனர். ஆயினும், அரிஸ்டாட்டிலைப் புரிந்துகொள்ள ஐரோப்பா பெரிதும் நாடியது குர்துபாவில் 1126இல் பிறந்த காழீ இப்னு ருஷ்தின் விரிவுரைகளையே. பெயரைக் கூடச் சொல்லாமல் ‘விரிவுரையாளர்’ என்றாலே அங்கு அவரைத்தான் குறிக்கும்.

புதிய நூல்கள் பாரீஸ் நகரில் பெரும் கலக்கத்தை விளைவித்தன. உலகம் தொடக்கமற்றது என்றார் அரிஸ்டாட்டில். இறைவன் உலகைப் படைத்தான் என்கிறது வேதம். இரண்டும் எப்படிப் பொருந்தும்? 1210இல் அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களைக் கற்பிக்கத் தடை விதிக்கப்பட்டது. 1215இல் அத்தடை மீண்டும் வலியுறுத்தப்பட்டது. ஆனால் 1255இல் அதே பாரீஸ் பல்கலைக்கழகத்தில் அந்நூல்களே பாடமாயின!

இத்தகைய சூழலில் தோன்றியவர் தாமஸ் அக்வினாஸ் என்னும் துறவி (மறைவு 1274). இறைவன் இருக்கிறான் என்பதைப் பகுத்தறிவாலும் நிறுவலாம். உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதோ வேதத்தாலேயே தெரியவரும். இரண்டும் ஒரே இறைவனிடமிருந்து வருவதால் தம்முள் முரண்படா என்று அவர் வகுத்துரைத்தார். எதிர்த்தரப்பின் வாதங்களை முதலில் முழுமையாக எடுத்துவைத்து, பின்னரே விடை கூறுவது அவரது முறை. இப்னு சீனாவிடமிருந்து கொள்ள வேண்டியதைக் கொண்டார். இப்னு ருஷ்தின் கருத்தில் ஏற்க இயலாததை வாதிட்டு மறுத்தார். 1277இல் பாரீஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்தபோது அக்வினாஸின் கருத்துகள் சிலவும் அதில் அகப்பட்டன. எனினும் 1323இல் அவரையே திருச்சபை புனிதராக அறிவித்தது.

இதில் நாம் பெருமை கொள்ள இடமுண்டு, வருந்தவும் இடமுண்டு. ஐரோப்பா போற்றிய இப்னு ருஷ்து தம் சொந்த மண்ணில் 1195இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. அவற்றுள் சில இன்று ஹீப்ரு, இலத்தீன் மொழிபெயர்ப்புகளிலேயே எஞ்சியுள்ளன. அவருக்கு முன்பே தத்துவவாதிகளின் பிழைகளைக் கடுமையாக மறுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, கணிதத்தையும் தர்க்கத்தையும் தள்ளிவிடவில்லை. அவற்றை மறுப்பதால் மார்க்கத்துக்கு உதவுவதாக எண்ணுபவன் மார்க்கத்தின் அறியாமை மிக்க நண்பன் என்றே எச்சரித்தார்கள். தம்முடைய சட்டவியல் நூலுக்குத் தர்க்கத்தையே முன்னுரையாக்கினார்கள்.

அந்தத் தர்க்கம் நம் தமிழகத்துக்கும் வந்தது. ‘தர்ஸே நிஜாமீ’ பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் புதல்வர், ‘பஹ்ருல் உலூம்’ எனப் புகழ்பெற்ற மௌலானா அப்துல் அலீ (ரஹ்) அவர்கள், நவாப் வாலாஜாவின் ஆதரவில் சென்னைக்கு வந்து கல்விப் பணியாற்றினார்கள். சட்டவியலிலும் தர்க்கத்திலும் விரிவுரைகள் எழுதிய அன்னார் 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். மதரஸா மாணவர் தர்க்கப் பாடத்தில் தொடக்கமாக ஓதும் ‘ஈஸாகூஜீ’ என்னும் நூலின் பெயரே கிரேக்கச் சொல்தான்.

தம் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து புதிய கேள்விகளோடு வீடு திரும்பும்போது நம்மில் சிலர் அஞ்சுகிறோம். சிலர் அதட்டி வாய்மூடச் செய்கிறோம். பாரீஸில் தடை நாற்பத்தைந்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. குர்துபாவில் மூட்டிய தீயாலும் இப்னு ருஷ்தின் கேள்விகள் அழியவில்லை. அவை வேறு நாட்டுக்குச் சென்றன. அவ்வளவே. நம் பிள்ளைகளின் கேள்விகளும் அப்படியே. நாம் செவி கொடுக்காவிட்டால் அவை விடை தேடி வேறு வாசல் செல்லும். ஆகவே கேட்கும் பிள்ளையை அருகில் அமர்த்துவோம். நமக்கு விடை தெரியாவிடில் அறிந்த ஆலிமிடமோ ஆசிரியரிடமோ நாமே அழைத்துச் செல்வோம். வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை அதிகமாக்கித் தந்தருள்வானாக! ஆமீன்.