சாசேஜ் விஷம் புருவத்துக்கு வந்த கதை

ஹெட்போன் மாட்டியிருக்கீங்களா? அப்போ ஒரு சின்ன வேலை. கண்ணாடி முன்னாடி நின்னு ஆச்சரியப்படுற மாதிரி புருவத்தைத் தூக்குங்க. அடுத்து, யாரையோ முறைக்கிற மாதிரி சுருக்குங்க. தூக்குறதுக்கு நம்ம நெற்றியில இருக்கிறது ஃப்ரண்டாலிஸ்னு ஒரே ஒரு தசைதான். கீழே இழுக்க, புருவங்களுக்கு நடுவுலயும் கண்ணைச் சுத்தியும் பல தசைகள் இருக்கு. உங்க புருவம் எங்கே நிக்குதுங்கிறதுல எலும்போட இந்த இழுபறிக்கும் பெரிய பங்கு உண்டு. பொட்டாக்ஸ் ஊசி இந்த இழுபறியில ஒரு தரப்போட பிடியைத் தளர்த்துது. யாருக்கு எந்தத் தரப்பை, எவ்வளவு தளர்த்தணும்? இந்தக் கேள்வியோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட்.

கதை அழகு நிலையத்துல தொடங்கல, சமையலறையில தொடங்குது. 1820-கள்ல ஜெர்மனியோட வூர்ட்டம்பெர்க் பகுதியில, கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டவங்களுக்கு இமை சரிஞ்சு, தொண்டை அடைச்சு, மூச்சு நின்னது. யூஸ்டினுஸ் கெர்னர்னு ஒரு டாக்டர், கவிஞரும்கூட, 1822-ல இப்படி 155 பேரோட விவரங்களைத் தொகுத்தார். அந்த விஷத்தைத் தன் மேலேயே சோதிச்சும் பார்த்தார் (வீட்ல யாரும் முயற்சி பண்ணாதீங்க). நரம்பு அளவுக்கு மீறித் துடிக்கிற நோய்களுக்கு இதே விஷம் கொஞ்சமா கொடுத்தா மருந்தாகலாம்னும் எழுதி வெச்சார். அது நடக்க ஒன்றரை நூற்றாண்டு ஆச்சு. நடுவுல 1895-ல பெல்ஜியத்தோட எல்செல் கிராமத்துல ஒரு துக்க வீட்டுச் சாப்பாட்டுல பரிமாறின பன்றித்தொடைக் கறியைச் சாப்பிட்டவங்கள்ல 3 பேர் இறந்தாங்க. அந்தக் கறியில இருந்துதான் வான் எர்மெங்கெம் இந்தக் கிருமியைப் பிரிச்செடுத்தார். பேர்ல இருக்கிற 'பொட்டுலஸ்' லத்தீன்ல சாசேஜ்தான்.

இப்போ சான்ஃபிரான்சிஸ்கோ. மாறுகண்ணுக்குக் கத்தி வைக்காம வைத்தியம் தேடிக்கிட்டிருந்தார் கண் டாக்டர் ஆலன் ஸ்காட். கண்ணை ஒரு பக்கமா இழுக்கிற தசையை மட்டும் கொஞ்ச நாள் தளர்த்திட்டா, கண் நேராகுமே! 1973-ல குரங்குகள்ல நடந்த சோதனையை வெளியிட்டார், 1980-ல மனிதர்கள்ல. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், ஊசியோட நுனியையே ஒரு கருவியில இணைச்சு, தசையோட மின்துடிப்பைச் சத்தமா கேட்டு, சரியான தசைதானான்னு உறுதி பண்ணிக்கிட்டு மருந்தை இறக்கினதுதான். அதாவது ஆளைப் பார்த்து, தசையைக் கேட்டுப் போடுற ஊசியாத்தான் இது பிறந்துச்சு. 1989-ல அமெரிக்க அனுமதி கிடைச்சதும் மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும்தான். இமை தானா இறுக மூடிக்கிறதால, கண் நல்லா இருந்தும் பார்க்க முடியாமத் தவிச்சவங்க அவங்க.

சுருக்கம் எப்போ உள்ளே வந்துச்சு? 1987-ல, கனடாவோட வான்கூவர்ல. ஜீன் கரூதர்ஸ் ஒரு கண் டாக்டர். இமைத்துடிப்புக்கு அவர்கிட்ட ஊசி போட்டுக்கிட்டிருந்த ஒரு பெண், 'இந்தத் தடவை ஏன் புருவத்துக்கு நடுவுல போடல? அங்கே போட்டா முகத்துல கவலை போயிடுதே'ங்கிற மாதிரி குறைப்பட்டுக்கிட்டாங்க. ஜீனோட கணவர் ஆலஸ்டர் தோல் டாக்டர். ரெண்டு பேரும் தங்களோட கிளினிக் ரிசப்ஷனிஸ்டுக்கு முதல்ல போட்டுப் பார்த்தாங்க. 1992-ல கட்டுரை வந்துச்சு. 2002-ல அமெரிக்காவுல முறைப்புக் கோட்டுக்கு அனுமதி. 5 இடம், ஒவ்வொண்ணுலயும் 4 யூனிட், மொத்தம் 20.

இங்கேதான் சிக்கல். பெட்டியில வர்ற குறிப்புல ஒரே கணக்கு, ஆனா முகம் ஆளுக்கு ஆள் வேற. நெற்றியோட நடுவை மட்டும் அடக்கினா, ஓரத்துல இருக்கிற தசை தன்னிச்சையா இழுத்து, புருவத்தோட வால் கூரா மேலே போகும். 'ஸ்டார் ட்ரெக்' ஸ்பாக் பேரையே இதுக்கு டாக்டர்கள் வெச்சிருக்காங்க. ஓரத்துல சின்னதா ஒரு சொட்டு போட்டா அடங்கிடும். வால் பக்கம் சரிஞ்சிருக்கிறவங்களுக்கு, கண்ணைச் சுத்தியிருக்கிற தசையை வெளி ஓரத்துல தளர்த்தினா, எதிராளி இல்லாத ஃப்ரண்டாலிஸ் புருவத்தைக் கொஞ்சம் தூக்கும். வளைவான புருவத்தை விரும்புறவங்களுக்கு இது சரி. நேரா, தாழ்வா புருவம் வெச்சிருக்கிற ஆணுக்கு இதே கணக்கைப் போட்டா, முகமே வேற யாரோ மாதிரி ஆயிடும்.

ரொம்பக் கவனிக்க வேண்டியது, இமை கனமா இருக்கிறவங்களை. வயசானவங்கள்ல இது சகஜம், சின்ன வயசுலயும் உண்டு. இவங்க தனக்கே தெரியாம நாள் முழுக்க நெற்றியால இமையைத் தூக்கிப் பிடிச்சுத்தான் உலகத்தைப் பார்க்கிறாங்க. அந்த உழைப்போட தடம்தான் நெற்றிக்கோடு! கோட்டை அழிக்கப்போய், தூக்கின கையையே கட்டிடுறோம். அதனால நல்ல டாக்டர் முதல்ல கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைத் தளர்த்தி, மெதுவா திறக்கச் சொல்வார். அப்போ நெற்றி தானா மேலே ஏறுதான்னு பார்ப்பார். ஏறினா, நெற்றியில மிகக் குறைவா, அதுவும் மேல்பக்கம் மட்டும் போடுவார். இல்லைன்னா 'உங்களுக்கு நெற்றியில வேணாம்'னு சொல்லிடுவார்.

இதைப் பார்க்காம போட்டுட்டா? இமை மட்டும் சரிஞ்சிருந்தா ஒரு சொட்டு மருந்து ஓரளவு கைகொடுக்கும். புருவமே இறங்கிடுச்சுன்னா திருப்பி ஏத்த மாற்று மருந்து கிடையாது. ஊசியோட வேகம் அடங்க 3, 4 மாசம் ஆகும். அதுவரைக்கும் மொபைலைக்கூட தலையைப் பின்னாடி சாய்ச்சுத்தான் பார்க்கணும்.