பணித்தளம் அனுப்பும் சபையான கதை: இராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் மிஷனெரித் தாங்குதலும்

வேற்றிடத்தில் நற்செய்திப் பணி செய்யும் ஒருவரின் வாழ்க்கைச் செலவையும் பணிச் செலவையும் ஒரு சபை தன் காணிக்கையாலும் ஜெபத்தாலும் ஏற்றுக்கொள்வதையே தமிழ்த் திருச்சபைகள் மிஷனெரித் தாங்குதல் என்று வழங்குகின்றன. இதன் வரலாறு பெரும்பாலும் கொடுத்தவர்களின் கணக்கேடுகளைக் கொண்டும், அனுப்பப்பட்டவர்களின் கடிதங்களைக் கொண்டும் எழுதப்பட்டிருப்பதால், பெற்றுக்கொண்ட ஊர்களின் அனுபவம் அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் உள்ளடக்கிய வட்டாரம் இந்தக் குறையை நிரப்பத் தக்கது. ஏனெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறருடைய காணிக்கையால் பணி நடைபெற்ற தளமாக இருந்த இப்பகுதி, இருபதாம் நூற்றாண்டில் தானே காணிக்கை சேர்த்து ஆளனுப்பும் திருச்சபைகளின் வரிசையில் சேர்ந்தது. பெற்ற காலத்தில் கற்றதைக் கொடுக்கும் காலத்தில் ஒரு சபை எந்த அளவுக்குக் கையாளுகிறது என்பதே அதன் தாங்குதலை மதிப்பிடும் சரியான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இன்று விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியாக உள்ள இவ்வட்டாரம், 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சி.எம்.எஸ். எனப்படும் இங்கிலாந்தின் சர்ச் மிஷனெரிச் சங்கம் இதை வட திருநெல்வேலி என்று அழைத்தது. தெற்கே பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், நல்லூர் முதலிய ஊர்களில் சபைகள் பெருகியிருந்த அக்காலத்தில், வடக்கே சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் பக்கங்களில் கிறிஸ்தவர் மிகச் சிலரே இருந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆய்வுறுப்பினராக இருந்து, பின் சென்னையில் அச்சங்கத்தின் செயலராகப் பணியாற்றிய தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், 1854-இல் டேவிட் ஃபென், மெடோஸ் என்னும் இரு இளம் மிஷனெரிமாருடன் இங்கே வந்தார். பங்களாவும் பள்ளியும் கட்டி ஓரிடத்தில் அமர்ந்து பணி செய்யும் முறையை அவர்கள் விடுத்து, கூடாரங்களோடு ஊர் ஊராகச் சென்று தங்கிப் பேசும் முறையை மேற்கொண்டனர். மிஷன் வரலாற்றில் இது சுற்றுப்பயண ஊழியம் எனப்படும். பிற்காலத்தில் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டைச் சீயோன் ஆலயத்தின் போதகராகப் புகழ்பெற்ற டபிள்யூ. டி. சத்தியநாதனும் இப்பணியில் தொடக்கத்தில் பங்குகொண்டவர்.

இந்த முயற்சியில் கூடாரங்களைவிடக் கவனிக்கத்தக்கது அதன் ஆள்பலம் வந்த வழி. தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை, அதாவது போதகருக்குத் துணையாகச் சபைகளில் போதித்துவந்த உள்ளூர் ஊழியர்களை, மாதத்துக்குச் சிலர் என்று முறைவைத்து வடக்கே அனுப்பி, அவர்களுக்கான செலவையும் தாங்களே ஏற்றுக்கொண்டன. வடக்கிலிருந்து திரும்பிய உபதேசியார் அடுத்த மாதம் தம் சபையின் நடுவே நின்று, எந்த ஊரில் செவிகொடுத்தார்கள், எந்த ஊரில் விரட்டினார்கள் என்பதை நேரில் சொல்லக் கூடியவராக இருந்தார். ஆகவே கொடுத்தவர்களுக்குத் தங்கள் பணம் சென்ற ஊரின் பெயரும் முகமும் தெரிந்திருந்தன. இந்த ஏற்பாட்டை ஓர் ஆங்கிலேயரின் திட்டத்துக்கு உள்ளூரார் செய்த உதவி என்று மட்டும் கருதுவது போதாது. தமிழ்ச் சபைகள் தங்கள் எல்லைக்கு வெளியே ஆளனுப்பும் பயிற்சியைப் பெற்ற தொடக்கக் களங்களுள் வட திருநெல்வேலியும் ஒன்று. ராக்லண்ட் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் மறைந்தபோது, எண்ணிக்கையாகக் காட்டத்தக்க பலன் மிகக் குறைவாகவே இருந்தது. ஆண்டறிக்கையில் வரும் ஞானஸ்நானத் தொகையைக் கொண்டு மட்டும் தாங்குதலை முடிவுசெய்யும் சபை அக்காலத்தில் இருந்திருந்தால், இந்தத் தளம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டிருக்கும்.

கொடுப்பவர் இன்னார், பெறுபவர் இன்னார் என்று நிலையாகப் பிரித்துவைக்கும் வழக்கத்துக்குத் தமிழ்நிலம் ஒருபோதும் இடங்கொடுத்ததில்லை. 1834-இல் அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கரும், அவர்களோடு வந்த யாழ்ப்பாணத் தமிழ் ஊழியர்களுமே. 1854-இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே சி.எம்.எஸ். பணி தொடங்கியபோது, திருநெல்வேலி உபதேசியார்கள் கடல் கடந்து கண்டிச் சீமைக்குச் சென்றனர். 1900 அளவில் யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர் அமைத்த அயல்நாட்டு மிஷனெரிச் சங்கம், இராமநாதபுரக் கடற்கரையின் தொண்டியைத் தன் தளமாகத் தெரிந்துகொண்டது. யாழ்ப்பாணத்துக்கு அப்போது அயல்நாடு என்பது தொண்டிதான். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைக் கண்டு, அளவில் மிகப் பெரிய திருநெல்வேலித் திருச்சபை தன் பெயரில் இத்தகைய பணி எதையும் நடத்தவில்லையே என்று உறுத்தப்பட்டதன் விளைவாக, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது.

இச்சங்கத்தின் அடிப்படை விதி, இந்தியரின் ஆள், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்பது. முதல் தளம் நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல். 1909-இல் குருப்பட்டம் பெற்று அங்கே சென்ற அசரியா, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பவுல் பேராலயத்தில் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தாமிரபரணிக் கரையிலிருந்து சென்றவர்களுக்குத் தெலுங்கு புதிதாகக் கற்கவேண்டிய மொழியாக இருந்தது. அதே மொழி இராஜபாளையத்தில் ராஜு குடும்பங்களின் வீட்டு மொழியாகவும், சுற்றியுள்ள ஊர்களில் நாயுடு குடும்பங்களின் வீட்டு மொழியாகவும் இன்றும் விளங்குவதை நோக்கும்போது, அயல் என்பது தூரத்தை வைத்து மட்டும் முடிவாவதில்லை என்பது தெளிவாகும். 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை சுட்டியதும் தூரத்தால் அளக்க முடியாத இத்தகைய ஓர் இடைவெளியையே: மேலைநாட்டுச் சபைகள் பொருளையும் தியாகத்தையும் தந்திருந்தும், சமநிலையில் பழகும் நட்பைத் தரவில்லை என்று அவர் அம்மாநாட்டின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த முறையீடு அன்று வெள்ளையரை நோக்கியது. இன்று வடமாநிலங்களுக்கு ஆளனுப்பும் தமிழ்ச் சபைகளையும் அது அதே அளவுக்குக் கேள்வி கேட்கிறது.

இத்தகைய பணிகளுக்குப் பணம் திரண்ட முறை தனியே ஆராயத்தக்கது. சமைக்க அரிசி களையும் ஒவ்வொரு வேளையும் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டுவைத்து, வாரக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டுவது கைப்பிடி அரிசிக் காணிக்கை. கையில் ரொக்கம் புழங்காத குடும்பத்துக்கும், குறிப்பாகத் தனக்கென்று வருமானமில்லாத பெண்ணுக்கும், கொடுப்பவர் என்ற தகுதியை அளித்தது இந்தக் கலயம்தான். அறுப்பின் பண்டிகையில், அதாவது விளைச்சலுக்கு நன்றி செலுத்தும் ஆராதனை நாளில், சேவலும் பூசணியும் வாழைத்தாரும் தேங்காயும் ஆலய வளாகத்தில் குவிய, ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கும். சந்தையில் சில ரூபாய் பெறும் பூசணியை ஒருவர் பல மடங்கு விலைக்கு எடுத்து, எடுத்த கையோடு மறுபடி ஏலத்துக்கே திருப்பிக் கொடுப்பார். ஒரே காய் மூன்று நான்கு கைகள் மாறி, ஒவ்வொரு முறையும் காணிக்கையைக் கூட்டும். ஒருவர் விலையை மற்றவர் ஏற்றும் அந்த உற்சாகத்தில் கொடை முழுச் சபையின் கண்முன்னே நிகழ்கிறது. போட்டியும் பெருமையும் அதில் கலந்திருப்பது உண்மை. ஆயினும் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிவிக்காமல் ஏலம் தொடங்குவதில்லை என்பதால், நோக்கம் சபையின் காதில் ஆண்டுதோறும் விழுந்துகொண்டே இருந்தது.

பொருளாதாரம் மாறியபோது காணிக்கையின் வடிவமும் மாறியது. 1930-களிலிருந்து இராஜபாளையத்தில் நூற்பாலைகள் வளர்ந்து மாதச் சம்பளம் பெறும் குடும்பங்களை உருவாக்கின. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணி நெசவும், சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களும் வாரக் கூலியை ஊர்களுக்குக் கொண்டுவந்தன. அரிசிக் கலயத்தின் இடத்தை மாதக் காணிக்கை உறை பிடித்துக்கொண்டது. இந்தச் சூழலுக்குப் பொருத்தமான அமைப்பாகத் தோன்றியதே 1959-இல் திருநெல்வேலிப் பகுதி இளைஞரின் ஜெபக் குழுக்களிலிருந்து எழுந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு. 1967-இல் தருமபுரிப் பக்கத்து மலையூரான பெரியமலைக்குத் தன் முதல் பணியாளரை அனுப்பிய இவ்வமைப்பு, 1970-களில் வட இந்தியாவை நோக்கித் திரும்பி, தென் குஜராத்தின் பழங்குடியினரிடமும், பின்னர் இன்றைய ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் பகுதி மால்தோ மக்களிடமும் பணியை விரித்தது. அதன் வலிமை ஊர்தோறும் இருந்த சிறு குழுக்களில் தங்கியிருந்தது: பத்துப் பதினைந்து பேர் வாரம் ஒருமுறை கூடி, தாங்கள் தாங்கும் மிஷனெரியின் பெயரைச் சொல்லி ஜெபித்து, அந்தந்த மாதத் தொகையைச் சேர்த்து அனுப்பினார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானபின் மதுரை–இராமநாதபுரம் பேராயத்துக்குள் வந்த இவ்வட்டாரச் சேகரங்களிலும் (சேகரம் என்பது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள பல சபைகளின் தொகுதி) மிஷனெரி ஞாயிறும் மிஷனெரிக் காணிக்கையும் வழக்கமாயின.

சட்டச் சூழல் இக்காலத்தில் மூன்று திசைகளில் இறுகியது. உள்ளே வரும் பணத்தைப் பொறுத்தவரை, 1976-இல் இயற்றப்பட்டு 2010-இல் புதுப்பிக்கப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், வெளிநாட்டுக் கொடையை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மாற்றுவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. வெளியே செல்லும் பணத்துக்கும் வரம்பு உண்டு: தனிமனிதருக்கு அன்னியச் செலாவணி விதிகள் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர்வரை வெளிநாட்டுக்கு அனுப்ப இடமளித்தாலும், அந்தச் சலுகை அறக்கட்டளைகளுக்கு இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுத்த முறையும், தனி ஒப்புதல் இல்லாதவரை, அறக்கட்டளை இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தொகைக்கு விலக்கு அளிப்பதில்லை. கடல் கடந்த பணியைத் தமிழ்ச் சபைகள் நேரடியாகத் தாங்குவது அரிதாகி, உள்நாட்டின் வேற்றுமொழிப் பகுதிகளே அயலாக எஞ்சியதற்கு, ஆர்வக் குறைவைவிட இந்த விதிகள் பெருங்காரணம். மூன்றாவது, மதமாற்றத் தடைச் சட்டங்கள். ஒடிசாவும் மத்தியப் பிரதேசமும் 1960-களில் இயற்றியவற்றை 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லத்தக்கவை என்றது. குஜராத் 2003-இலும், ஜார்க்கண்ட் 2017-இலும் அதே வழியில் சட்டம் செய்தன. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த சட்டம் 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்தச் சட்டங்களை ஒடுக்குமுறை என்று மட்டும் பேசி நிறுத்திக்கொள்வது, தாங்கும் சபைக்கு உள்ள கடமையைத் தட்டிக்கழிப்பதாகும். ஆசைகாட்டி மாற்றுதல் என்ற குற்றச்சாட்டு எழும் சூழலில், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற எண்ணையும், பெற்றவர்களின் படங்களையும் மாதந்தோறும் கேட்கும் சபை, தான் தாங்கும் ஊழியரையே ஆபத்தில் நிறுத்துகிறது. வழக்கு வந்தால் வழக்கறிஞருக்கு யார் கொடுப்பது, ஊழியரின் மனைவியும் பிள்ளைகளும் எங்கே தங்குவது என்பன சேகரக் குழுவில் முன்கூட்டியே முடிவாகியிருக்கவேண்டிய காரியங்கள்.

உள்ளிருந்து வந்த மாற்றமும் சிறியதன்று. இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குச் சென்ற தலைமுறை, கைப்பேசியில் குறியீட்டை வருடித் தனக்குப் பிடித்த ஊழியத்துக்கு நேரே பணம் அனுப்புகிறது. தொகை குறையாமலும் இருக்கலாம். ஆனால் சபை கூடி யோசித்துத் தெரிந்தெடுக்கும் செயல் அங்கே நிகழ்வதில்லை. உருக்கமான காணொளி எடுக்கத் தெரிந்த ஊழியத்துக்குப் பணம் சேர, மலையோரத்தில் இருபது ஆண்டுகளாக மொழி கற்று எழுத்தறிவு தந்துகொண்டிருப்பவர் மறக்கப்படும் நிலை இதனால் உண்டாகிறது. ராக்லண்ட் காலத்து உபதேசியார் நேரில் வந்து சொன்ன செய்தியில் தோல்வியும் இடம்பெற்றிருந்தது. காணொளியில் அதற்கு இடமில்லை.

உள்ளூரில் ஏழைகளும், மேற்கு மலையடிவாரத்தில் பளியர் போன்ற புறக்கணிக்கப்பட்ட மக்களும் இருக்க, தொலைவுக்குப் பணம் அனுப்புவது முறையா என்ற மறுப்பு சபைக் கூட்டங்களில் தவறாமல் எழும். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் வரலாறு காட்டுவது வேறு: 1850-களில் தென் திருநெல்வேலிச் சபைகளில் பெரும்பாலோர் பனையேறியும் கூலிசெய்தும் வாழ்ந்தவர்கள். தங்கள் ஊரின் வறுமை தீரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால், வடக்கே உபதேசியார் எவரும் வந்திருக்க முடியாது. அவர்களுடைய காணிக்கையால் நடந்த பணியின் பயனைப் பெற்ற வட்டாரம், அந்த மறுப்பைப் பிறரைவிடச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுப்பமுடியும்.

பெற்ற அனுபவம் கற்றுத்தந்த இன்னொரு பாடம் தாங்குதலின் முடிவைப் பற்றியது. 1841 முதல் 1872 வரை சி.எம்.எஸ். செயலராக இருந்த ஹென்றி வென், புதிய சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவத் தொடங்கும்போது மிஷன் விலகவேண்டும் என்று வகுத்தார். நடைமுறையில் அந்த விலகல் மிகத் தாமதமாக வந்தது. நிலமும் பள்ளியும் சம்பளப் பட்டியலும் நெடுங்காலம் வெள்ளையர் கையில் இருந்ததன் சுமையைத் திருநெல்வேலி நன்கு அறியும். அந்தச் சுமையை அறிந்த திருச்சபையிலிருந்து புறப்பட்டவர்களே குஜராத்திலும் ஜார்க்கண்டிலும் நிற்கும்போது, அங்கே எழும் சபையின் போதகரையும் பொருளாளரையும் அவ்வூராரிலிருந்தே தெரிந்துகொள்ள எந்த ஆண்டை இலக்காக வைத்திருக்கிறோம் என்ற கேள்வி, தாங்கத் தொடங்கும் நாளிலேயே எழுதிவைக்கப்படவேண்டும். விலகும் நாள் குறிக்கப்படாத தாங்குதல் ஆதிக்கமாக மாறும். அதைச் செய்பவர் தமிழராக இருப்பது அதன் தன்மையை மாற்றாது.

அதைப் போலவே, முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெறும் மிஷனெரிக்கு ஊரில் வீடோ ஓய்வூதியமோ இல்லாத நிலையும், விடுதிகளில் தாய்தந்தையைப் பிரிந்து படித்த அவருடைய பிள்ளைகளின் இழப்பும், தாங்கிய சபையின் கணக்கில் ஏறாதவரை அந்தக் கணக்கு முழுமையானதன்று. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சேகரக் குழுக்கள் அடுத்த மிஷனெரி ஞாயிற்றுக் காணிக்கையை அறிவிக்குமுன், தாங்கள் இதுவரை தாங்கியவர்களில் ஓய்வுபெற்றவர்கள் இன்று எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்பதை விசாரித்து, அதைச் சபையின்முன் வாசிக்கவேண்டும்.