ஏரியா குரூப்பில் இருக்கீங்களா? உங்களைப் பற்றி அங்கே என்னென்ன தெரியும்? முழு விளக்கம்

தண்ணி லாரி எப்போ வரும், நல்ல பிளம்பர் யாரு, காணாமல் போன பூனையை யாராவது பார்த்தீங்களா... தெருவில் நடக்கும் எல்லாவற்றுக்கும் இப்போது ஒரு குரூப் இருக்கிறது. வெளிநாடுகளில் இதற்கென்றே 'நெக்ஸ்ட்டோர்' போன்ற அக்கம்பக்க சமூக வலைதளங்கள் உள்ளன. நம்ம ஊரில் குடியிருப்போர் நலச்சங்க வாட்ஸ்அப் குரூப்பும், அபார்ட்மென்ட் கேட் செயலியும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கின்றன.

அவசரத்துக்கு உதவி கிடைக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே உங்கள் பெயரோடு சேர்த்து உங்கள் வீட்டு வாசலும் மற்றவர்களுக்குத் தெரியும். அதனால் என்ன ஆபத்து? இதுவரை என்ன நடந்திருக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

அக்கம்பக்க சமூக வலைதளம் என்றால் என்ன?

ஒரே தெருவில், ஒரே பகுதியில் வசிப்பவர்களை மட்டும் இணைக்கும் வலைதளம் இது. இதில் அதிகம் பேசப்படுவது நெக்ஸ்ட்டோர். 2011-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, பின்னர் பிரிட்டன், ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கும் பரவியது. இதில் சேர உண்மையான பெயரைக் கொடுக்க வேண்டும். அந்த முகவரியில்தான் வசிக்கிறீர்களா என்பதும் சரிபார்க்கப்படும். ரகசிய எண் அச்சிட்ட தபால் அட்டையை வீட்டுக்கே அனுப்பிச் சரிபார்ப்பது அதன் பழைய வழிகளில் ஒன்று.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. கூகுள் நிறுவனம் 2018 மே மாதம் மும்பையில் 'நெய்பர்லி' என்ற செயலியை அறிமுகம் செய்தது. அக்கம்பக்கத்தினரிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறலாம். பாதுகாப்புக்காக முதல் பெயர் மட்டுமே காட்டப்பட்டது. வேறு சில நகரங்களுக்கும் போனது. ஆனாலும் 2020 மே மாதத்தோடு மூடப்பட்டது. ஃபேஸ்புக் 2021-ல் கனடாவில் தொடங்கிய 'நெய்பர்ஹுட்ஸ்' வசதியும் 2022 அக்டோபரில் நிறுத்தப்பட்டது.

மற்ற சமூக வலைதளங்களில் இருந்து இது எப்படி வேறுபடுகிறது?

இன்ஸ்டாகிராமில் ஒருவர் உங்களைத் திட்டினால் பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஏரியா குரூப்பில் திட்டியவர் நாளைக் காலை லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்பார். இங்கே எந்தத் தகவல் வெளியானாலும் அதன் விளைவு வீட்டு வாசலுக்கே வரும்.

இன்னொரு விஷயம், சின்னச் சின்னத் தகவல்கள் ஒன்று சேர்வது. "ஒரு வாரம் ஊருக்குப் போறோம், யாராவது செடிக்குத் தண்ணி ஊத்த முடியுமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்கிறோம். ஆனால் வீடு ஒரு வாரம் பூட்டியிருக்கும் என்பதையும் அந்த வரி சொல்லிவிடுகிறது. "பாப்பாவோட ஸ்கூல் வேன் இன்னைக்கு லேட்டா?" என்ற கேள்வியில் குழந்தை எத்தனை மணிக்குத் தெருமுனையில் நிற்கும் என்பது இருக்கிறது. "அம்மா தனியா இருக்காங்க, ராத்திரிக்கு நர்ஸ் வேணும்" என்பதில் வீட்டில் முதியவர் தனியாக இருப்பது தெரிகிறது. மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு அந்தக் குடும்பத்தின் நடமாட்டமே கையில் கிடைத்துவிடும்.

"நம்ம ஆளுங்கதானே இருக்காங்க" என்ற நம்பிக்கையில்தான் இதையெல்லாம் எழுதுகிறோம். முகவரி சரிபார்ப்பு என்பது ஒருவர் அங்கே வசிக்கிறார் என்பதை மட்டுமே உறுதி செய்யும். அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லாது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர், எப்போதோ சேர்க்கப்பட்ட புரோக்கர், கேபிள்காரர் என்று பலரும் குரூப்பில் தொடர்ந்து இருப்பார்கள்.

இதுவரை என்ன நடந்திருக்கிறது?

1. மறைத்து வைத்த முகவரி வெளியே தெரிந்தது

அமேசானுக்குச் சொந்தமான 'ரிங்' நிறுவனம், வாசலில் பொருத்தும் கேமரா அழைப்புமணிகளை விற்கிறது. அதோடு 'நெய்பர்ஸ்' என்ற செயலியையும் நடத்துகிறது. கேமராவில் பதிவான காட்சிகளை அக்கம்பக்கத்தினரோடு இதில் பகிரலாம். பதிவிட்டவரின் பெயரும் சரியான இடமும் திரையில் தெரியாது. ஆனால், பதிவிட்டவர்களின் துல்லியமான இருப்பிடத்தையும் வீட்டு முகவரியையும் சர்வரில் இருந்து எடுக்க முடிகிற அளவுக்கு ஒரு குறைபாடு இருந்தது 2021 ஜனவரியில் வெளியே வந்தது. நிறுவனம் பிறகு அதைச் சரிசெய்தது. திரையில் தெரியவில்லை என்பதாலேயே ஒரு தகவல் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

2. வீட்டுக் கேமராவை வேறு யாரோ பார்த்தார்கள்

வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களை ஊழியர்கள் பார்க்க முடிந்தது, ஹேக்கர்கள் கணக்குகளுக்குள் நுழைய முடிந்தது என்று ரிங் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-ல் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு நிறுவனம் இந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது.

3. 'சந்தேகத்துக்குரிய நபர்' ஆன அப்பாவிகள்

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், தெருவில் நடந்து போகும் கறுப்பினத்தவரைப் பார்த்தாலே 'சந்தேகத்துக்குரிய நபர்' என்று நெக்ஸ்ட்டோரில் பதிவிடுவது பெரிய சர்ச்சையானது. இதையடுத்து 2016-ல் அந்த நிறுவனம் பதிவிடும் முறையை மாற்றியது. ஒருவரின் இனத்தைக் குறிப்பிட்டால் உடை, தலைமுடி போன்ற வேறு அடையாளங்களையும் சொல்ல வேண்டும். அவர் அப்படி என்ன செய்தார் என்பதையும் எழுத வேண்டும். பதிவுகளை நேராகக் காவல்துறைக்கு அனுப்பும் வசதியை 2020-ல் நெக்ஸ்ட்டோர் கைவிட்டது. நெய்பர்ஸ் செயலி வழியாகப் போலீசார் பொதுமக்களிடம் வீடியோ கேட்கும் வசதியை ரிங் நிறுவனமும் 2024 ஜனவரியில் நிறுத்துவதாக அறிவித்தது.

4. கேமராவால் கோர்ட்டுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர்கள்

ஒருவர் பொருத்திய வாசல் கேமராக்களை எதிர்த்து, இங்கிலாந்தில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் வழக்கு தொடர்ந்தார். கேமராக்கள் தன் நடமாட்டத்தையும் பேச்சையும் பதிவு செய்கின்றன என்பது புகார். தரவுப் பாதுகாப்புச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு கவுன்டி நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. வீடியோவைவிட, தூரத்தில் பேசுவதையும் பிடிக்கும் ஆடியோ பதிவுதான் பெரிய சிக்கல் என்று நீதிபதி கருதினார். திருடனைப் பிடிக்க வைத்த கேமராவாகவே இருந்தாலும், அது எதுவரை பார்க்கலாம், கேட்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு.

நம்ம ஊரில் நிலைமை என்ன?

2020 கொரோனா காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை உட்படப் பல நகரங்களில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சில இடங்களில் தகரமும் அடித்தார்கள். கர்நாடகாவில், வெளிநாட்டில் இருந்து வந்து தனிமையில் இருந்தவர்களின் முகவரிப் பட்டியல் அரசாலேயே வெளியிடப்பட்டது. நோயாளிகளின் விவரங்கள் குடியிருப்போர் சங்கங்களுக்கும் வாட்ஸ்அப் குரூப்களுக்கும் போய்ச் சேர்ந்து, அவர்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் தவிர, வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9-ல் நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு வந்தபோது ஆண்டே முடியப் போகிறது. ஃபார்வர்ட் ஆன பட்டியல்களை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை.

அதைவிடக் கொடுமையானது 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது. 'குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது' என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம். குலதெய்வக் கோயிலைத் தேடி சென்னையில் இருந்து போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான். கடத்தல்காரர்கள் என்று நினைத்து கும்பல் தாக்கியதில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். இப்படி நாடு முழுவதும் நடந்த கொலைகளுக்குப் பிறகே, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

'தெரியாத ஆள் ஒருத்தர் நம்ம தெருவுல சுத்துறார், உஷார்' என்று போட்டோவோடு ஒரு மெசேஜ் போடும் முன் இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆள் கூரியர் கொடுக்க வந்தவராகவும் இருக்கலாம், வாடகைக்கு வீடு தேடி வந்தவராகவும் இருக்கலாம்.

வாட்ஸ்அப் குரூப், கேட் செயலி: எங்கே கவனிக்க வேண்டும்?

வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். சேர்ந்ததுமே உங்கள் செல்போன் நம்பர் அத்தனை பேருக்கும் தெரியும். மெசேஜ்கள் என்கிரிப்ட் ஆகிறதே, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். வெளியில் இருப்பவர் நடுவில் புகுந்து படிப்பதைத்தான் அது தடுக்கும். குரூப்பில் இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை அது தடுக்காது.

கேட் செயலிகளில் சேரும் தகவல் வேறு மாதிரி. எந்த வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார், வண்டி எண் என்ன, எந்தெந்த நாள் உணவு டெலிவரி வந்தது என்பதெல்லாம் பதிவாகும். இந்தப் பதிவுகளை யார் பார்க்கலாம், எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதைப் பல சங்கங்கள் முடிவே செய்வதில்லை.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது வீட்டு வேலை செய்யும் பெண்கள். அவர்களின் போட்டோ, செல்போன் நம்பர், வந்துபோகும் நேரம் எல்லாம் செயலியில் ஏறுகிறது. எந்தெந்த வீடுகளில் வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டும் வசதியும், ஸ்டார் ரேட்டிங் கொடுக்கும் வசதியும் சில செயலிகளில் உண்டு. ஒரு வீட்டில் சம்பளத் தகராறு வந்து குறைவான ரேட்டிங் விழுந்தால், மொத்த அபார்ட்மென்ட்டிலும் வேலை போகலாம். பதில் சொல்ல அந்தப் பெண் அந்தக் குரூப்பிலேயே இருக்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

* தனியுரிமை என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

* டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தகவலைச் சேகரிக்கும் நிறுவனம், எதற்காகச் சேகரிக்கிறது என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

* ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரு தனிநபர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தகவலைக் கையாண்டால் இச்சட்டம் பொருந்தாது. நீங்களே பொதுவெளியில் வெளியிட்ட தகவலுக்கும் பொருந்தாது. அதனால் கேட் செயலி நடத்தும் நிறுவனத்தைக் கேட்பது போல, பக்கத்து வீட்டு அங்கிள் ஃபார்வர்ட் செய்ததை இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்பது எளிதல்ல.

* ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின் கீழ் குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, பின்தொடர்வது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவில் வரும். குரூப்பில் இருந்து நம்பரை எடுத்துத் தொல்லை கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

* உறுப்பினர் போடும் மெசேஜுக்கு அட்மின் பொறுப்பா? குரூப் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியது. அட்மினும் அதில் கூட்டுச் சேர்ந்தது தெரியவந்தால் கதை வேறு.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஊருக்குப் போகும் தகவலைக் குரூப்பில் போடாதீங்க. நம்பிக்கையான ஒரே ஒரு வீட்டில் நேரில் சொல்லுங்க.

* வீட்டு எண், குழந்தையின் பள்ளி, மருத்துவ ரிப்போர்ட், ஆதார் நகல் எதுவும் குரூப்பில் வேண்டாம். தேவைப்பட்டவருக்குத் தனியாக அனுப்பலாம்.

* வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், உங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்க. புரொஃபைல் போட்டோவுக்கும் அதையே செய்யலாம்.

* தவறாக ஏதாவது அனுப்பிவிட்டால், சுமார் இரண்டரை நாளுக்குள் 'அனைவருக்கும் நீக்கு' கொடுக்கலாம். அட்மின்களும் மற்றவர்களின் மெசேஜை நீக்க முடியும்.

* அடுத்தவரின் போட்டோ, சிசிடிவி காட்சியைப் பகிராதீங்க. குற்றம் நடந்ததாகச் சந்தேகம் வந்தால் காட்சியைப் போலீசிடம் கொடுங்க. அவசரம் என்றால் 112-க்கு அழைக்கலாம்.

* உங்கள் வாசல் கேமரா எதிர் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்க. ஆடியோ பதிவு தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்க.

* சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்க: கேட் பதிவுகளை யார் பார்க்கிறார்கள்? எவ்வளவு நாள் வைத்திருக்கிறார்கள்? காலி செய்துவிட்டுப் போனவர்களைக் குரூப்பில் இருந்து யார் நீக்குகிறார்கள்?

ஒருவேளை உங்கள் தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் அளிக்கலாம். பணமும் போயிருந்தால் 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். அருகில் உள்ள காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஆத்திர அவசரத்துக்கு முதலில் ஓடி வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். 2015 வெள்ளத்தில் சென்னை அதை நேரில் பார்த்தது. அதனால் குரூப்பை விட்டு வெளியேற வேண்டும் என்ற அவசியமில்லை. ஒரு மெசேஜை அனுப்பும் முன், இதையே பேப்பரில் எழுதி தெருமுனையில் ஒட்டுவோமா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். ஒட்ட மாட்டோம் என்றால், குரூப்பிலும் போட வேண்டாம்.