லெக்ஸஸ் எல்எஃப்ஏ: டொயோட்டா காருக்கு 3.75 லட்சம் டாலர்... அந்த விலை நியாயம்தானா?

இன்னோவா, ஃபார்ச்சூனர், கேம்ரி... டொயோட்டா என்றதும் நினைவுக்கு வருவது இந்த வண்டிகள்தான். லேசில் ரிப்பேர் ஆகாது, பத்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றாலும் நல்ல விலை போகும் என்று பெயர். அதே டொயோட்டா, தன் சொகுசு பிராண்டான லெக்ஸஸ் பெயரில் ஒரு காருக்கு 3,75,000 டாலர் விலை வைத்தது. 2010-ம் ஆண்டு மதிப்பில் சுமார் 1.7 கோடி ரூபாய்! அதுதான் லெக்ஸஸ் எல்எஃப்ஏ. உலகம் முழுவதற்கும் சேர்த்து மொத்தமே 500 கார்கள்.

'இந்தக் காசுக்கு ஃபெராரியே வாங்கலாமே' என்ற பேச்சு அப்போதே எழுந்தது. உண்மையில் ஃபெராரி 458 இத்தாலியா வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் இன்னொரு நல்ல காரும் வாங்கியிருக்கலாம். அப்படியென்றால் டொயோட்டா எந்த தைரியத்தில் இவ்வளவு விலை வைத்தது?

வேகத்துக்காகக் கொடுத்த காசா?

வேகத்தை மட்டும் பார்த்தால், எல்எஃப்ஏ தோற்றுவிடும். 4.8 லிட்டர் வி10 எஞ்சின், 552 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ வேகத்தைத் தொட 3.7 விநாடி, உச்ச வேகம் மணிக்கு சுமார் 325 கி.மீ. கேட்க பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனா அதே காலத்தில் ஒரு லட்சம் டாலருக்கும் குறைவாகக் கிடைத்த நிஸான் ஜிடி-ஆர், நேர்ச்சாலையில் 100 கி.மீ வரை இதற்குச் சரிக்குச் சமமாக நின்றது. ஃபெராரி 458-ல் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது. எல்எஃப்ஏ-வில் இருந்ததோ ஒற்றை கிளட்ச் கியர்பாக்ஸ். கியர் மாறும்போது லேசாக ஒரு குலுக்கல் இருக்கும். 3.75 லட்சம் டாலர் காரில் அது குறைதான்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் ஓடி எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் கார் கம்பெனிகள் மார்தட்டிக்கொள்வது வழக்கம். 2011 ஆகஸ்ட் கடைசியில், எல்எஃப்ஏ-வின் 'நூர்பர்க்ரிங் பேக்கேஜ்' மாடல் அங்கே 7 நிமிடம் 14.64 விநாடியில் ஒரு சுற்றை முடித்தது. இந்த மாடலின் விலை இன்னும் 70,000 டாலர் கூடுதல். அடுத்த சில வாரங்களிலேயே அமெரிக்காவின் டாட்ஜ் வைப்பர் ஏசிஆர் 7 நிமிடம் 12 விநாடியில் முடித்துக் காட்டியது. அதன் விலை எல்எஃப்ஏ விலையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

ஆக, ஒவ்வொரு டாலருக்கும் எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்று கணக்குப் போடுகிறவருக்கு இந்த கார் ஒத்துவராது.

சரி, பணம் எங்கே போனது?

எல்எஃப்ஏ-வின் வேலை தொடங்கியது 2000-ம் ஆண்டில். தலைமைப் பொறியாளர் ஹருஹிகோ தனஹாஷி. முதலில் அலுமினியத்தில்தான் காரின் உடற்கூட்டை வடிவமைத்தார்கள். பல வருஷ வேலைக்குப் பிறகு, 2005 வாக்கில், 'இது பத்தாது' என்று முடிவெடுத்து, எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு கார்பன் ஃபைபருக்கு மாறினார்கள். இதில் மிச்சமான எடை சுமார் 100 கிலோ. அந்த 100 கிலோவுக்காகப் பாதிக் காரை மறுபடியும் முதலிலிருந்து வடிவமைக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக எந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவும் இதற்குச் சம்மதிக்காது.

கார்பன் பாகங்களை வெளியே வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும். டொயோட்டா அதைச் செய்யவில்லை. கார்பன் இழையை வட்டமாகப் பின்னும் ஒரு தறியையே உருவாக்கி, கூரையைத் தாங்கும் சட்டங்களை அதில் நெய்தது. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. டொயோட்டா குடும்பத்தின் தொழிலே தறியில் தொடங்கியதுதான். சகிச்சி டொயோடா தானியங்கித் தறிக்காக 1926-ல் தொடங்கிய கம்பெனியிலிருந்துதான் கார் கம்பெனி பிரிந்து வந்தது.

அடுத்தது எஞ்சின். யமஹாவுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட இந்த வி10, ஐட்லிங்கில் இருந்து 9,000 ஆர்பிஎம் வரை ஏற எடுத்துக்கொண்டது வெறும் 0.6 விநாடி. சாதாரண முள் வைத்த மீட்டரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால்தான் டிஜிட்டல் திரை வைத்தார்கள். எஞ்சின் உள்ளே டைட்டானியத்தில் கனெக்டிங் ராடுகளும் வால்வுகளும். காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தத்தைத் தனிக் குழாய் வழியாக ஓட்டுநர் காதுக்கே கொண்டுவந்தார்கள். ஸ்பீக்கரில் போடும் போலிச் சத்தம் கிடையாது. இன்றும் எல்எஃப்ஏ பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அந்தச் சத்தத்தைத்தான்.

ஜப்பானின் மோட்டோமாச்சி ஆலையில் இதற்கெனத் தனிக் கூடம் அமைக்கப்பட்டது. மாதத்துக்கு 20 கார்கள்தான். ஒவ்வொரு எஞ்சினையும் ஒரே ஆள் முழுசாகப் பூட்டி, தன் கையெழுத்துள்ள தகட்டைப் பதிப்பார். வருஷத்துக்கு 70 லட்சத்துக்கும் மேல் வாகனம் விற்கும் குழுமம் செய்த வேலை இது!

யாருக்கு லாபம்?

ஒரு சின்னக் கணக்கு. 500 காரையும் அடிப்படை விலைக்கு விற்றால் வரும் மொத்தப் பணம் 18.75 கோடி டாலர். பத்து வருஷ உழைப்பு, புத்தம் புது எஞ்சின், இரண்டு முறை போட்ட உடற்கூடு, தனிக் கூடம் எல்லாவற்றுக்கும் இது போதாது. ஒவ்வொரு காரிலும் டொயோட்டாவுக்கு நஷ்டம்தான் என்பதே வாகன உலகில் பரவலான கருத்து. அதாவது வாங்கியவர் கொடுத்த 3.75 லட்சம் டாலர், அந்தக் காரை உருவாக்க ஆன செலவைவிடக் குறைவு. விலை அதிகம் என்று திட்டப்பட்ட கார், செலவைப் பார்த்தால் தள்ளுபடியில் விற்கப்பட்டது!

ஆனால் கம்பெனிக்கு ஆன செலவு அதிகம் என்பதற்காக, வாங்குகிறவருக்கு அந்த விலை நியாயமாகிவிடாது. சந்தையும் அப்போது அதைத்தான் சொன்னது. கார்களை வாங்கி உடனே லாபத்துக்கு விற்றுவிடுவார்களோ என்று பயந்து, அமெரிக்காவில் ஆரம்பத்தில் 2 வருஷ லீஸில் மட்டுமே கொடுத்தார்கள். அந்தப் பயத்துக்கு அவசியமே இருக்கவில்லை. தயாரிப்பு 2012 டிசம்பரில் முடிந்தது. 2017-ல் பார்த்தால், அமெரிக்க ஷோரூம்களில் சுமார் ஒரு டஜன் புது எல்எஃப்ஏ கார்கள் விற்காமல் நின்றன. (லெக்ஸஸ் பிராண்ட் இந்தியாவுக்கு வந்ததே அந்த 2017-ல்தான்.)

அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனிக்கு இதே பயம் வந்தபோது நிலைமை வேறு. 4 லட்சம் டாலரைத் தாண்டிய ஃபோர்டு ஜிடி காரை, 2 வருஷம் விற்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். வாங்கிய வேகத்தில் விற்றுவிட்ட மல்யுத்த வீரர் ஜான் சீனா மீது 2017-ல் வழக்கே போட்டது ஃபோர்டு. அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. ஃபோர்டுக்கு 1960-களின் லே மான்ஸ் வெற்றி என்ற பழைய கதை இருந்தது. லெக்ஸஸுக்கு அப்படி எதுவும் இல்லை. 1989-ல் பிறந்த பிராண்ட் அது.

இப்போது விலை எவ்வளவு?

இன்று எல்எஃப்ஏ ஏலத்துக்கு வந்தால் பழைய விலையைப்போல இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. நூர்பர்க்ரிங் பேக்கேஜ் என்றால் 10 லட்சம் டாலருக்கும் மேல். 'அப்போ விலை நியாயம்தானே' என்று கேட்கலாம். கார் மாறவில்லை, அதே கார்தான். சுற்றிலும் டர்போவும் மின்சார மோட்டாரும் வந்துவிட்டதால், டர்போ இல்லாமல் 9,000 ஆர்பிஎம் தொடும் வி10 அரிதாகிவிட்டது. ஏலத்தில் ஏறுவது அந்த அரிதுக்கான விலை. 2010-ல் வாங்கியவர் இதைக் கணித்திருக்க வாய்ப்பே இல்லை.

டொயோட்டாவுக்குக் கிடைத்தது என்ன? கார்பன் அனுபவம் கொஞ்சம். பின்னர் வந்த லெக்ஸஸ் ஆர்சி எஃப், எல்சி போன்ற மாடல்களில் கார்பன் கூரை வந்தது. ஆனா கேம்ரி வாங்குகிறவர் வரை அது இறங்கி வரவில்லை.

டாலரில் எழுத முடியாத ஒரு செலவும் இந்தக் காரில் உண்டு. டொயோட்டாவின் தலைமைச் சோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசே, 1963-ல் கம்பெனியில் சேர்ந்தவர். டொயோட்டாவின் தலைவரான அகியோ டொயோடாவுக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எல்எஃப்ஏ இந்த அளவுக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது. 2010 ஜூன் 23 அன்று, நூர்பர்க்ரிங் அருகே பொதுச் சாலையில் எல்எஃப்ஏ சோதனைக் காரை ஓட்டிச் சென்றபோது, எதிரே வந்த காருடன் மோதி உயிரிழந்தார். வயது 67. முதல் வாடிக்கையாளருக்கான கார் தயாராக அப்போது இன்னும் சில மாதங்கள் இருந்தன.

அந்த வி10 எஞ்சினை டொயோட்டா அதன்பிறகு வேறு எந்த விற்பனைக் காரிலும் பொருத்தவில்லை.