இடம்பெயர்ந்த வீடும் காணாமல்போன லயங்களும்

கோலாலம்பூர் ஜாலான் ஸ்தோனரில் நிற்கும் பெங்ஹூலு அபு செமான் வீடு இந்த ஊர் வீடே இல்லை. கெடா மாநிலத்தின் சுங்கை கெச்சில் கம்பத்தில், 1910க்கும் 1930களின் தொடக்கத்துக்கும் இடையே கட்டம் கட்டமாக எழுந்த ஊர்த்தலைவர் வீடு. சுங்கை கெச்சில் என்றால் சின்ன ஆறு. பாழடைந்து கிடந்ததை 1995இல் பாடான் வாரிசான் மலேசியா வாங்கி, பிரித்து, தலைநகருக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது.

பொறியியல் படித்தவனுக்கு இதில் மர்மம் கிடையாது. மரபான மலாய் வீடு துளையும் கழுந்துமாகப் பொருத்திய மரச்சட்டம். கழற்றலாம், எண் போட்டு அடுக்கலாம், திரும்பப் பூட்டலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவிலும் செட்டிநாட்டு வீட்டை இப்படித்தான் எழுப்பினார்கள்.

அப்போ கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்ட லயங்கள்? பலகையும் தகரமும்தானே, கழற்ற முடியாதா? முடியும். சிக்கல் கட்டுமானத்தில் இல்லை, பத்திரத்தில். லயம் கம்பெனி சொத்து. வேலை போனால் வீடும் போச்சு. மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கும் அதைக் காப்பாற்றச் சொல்ல உரிமை இல்லை. நிலம் கைமாறியதும் புல்டோசர் வந்தது.

இலங்கையில் கம்பளைப் பக்கம் பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் முழுக்க ஒற்றை அறையில் எப்படி வாழ்ந்தது என்பது உள்ளே நின்றால்தான் உறைக்கும்.

ஊர்த்தலைவர் வீடு அழகு, நிற்கட்டும். பக்கத்தில் ஒரு லயமும் நிற்கணும். அதுவரைக்கும் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு வரைபடமாவது போட்டு வைப்போம்: எத்தனை கதவு, அடுப்பு எந்தப் பக்கம், தண்ணிக் குழாய் எவ்வளவு தூரம்.