காணிக்கு விலை: எந்த நாளின் விலை?



றோட்டுக்கும் துறைமுகத்துக்கும் அரசாங்கம் காணி எடுப்பது புதிதல்ல. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, நட்டஈட்டில் உடன்பாடு வராவிட்டால் அரசாங்க அதிபர் விடயத்தை மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அதற்குப் பதிலாக வந்த 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் தனியான மீளாய்வுச் சபையை அமைத்தது.

இச்சட்டத்தில் நட்டஈடு என்பது சந்தை விலை. ஆனால் காசு கையில் கிடைக்கும் நாளின் விலையல்ல, 7ஆம் பிரிவு அறிவித்தல் வெளியான நாளின் விலை. அவசரமென்றால் 38ஆம் பிரிவின் கீழ் காசு தருமுன்னரே காணியை எடுக்கலாம். பிந்தினால் வட்டி உண்டு. ஆனால் பக்கத்துக் காணியின் விலை வட்டியைவிட வேகமாக ஏறினால், கிடைக்கும் காசுக்கு அரைவாசிக் காணிகூட வாங்க முடியாது.

தெற்கு அதிவேகப் பாதைக்குக் காணி எடுத்த காலத்தில் இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டது. இழந்ததற்கு ஈடானதை வாங்கப் போதுமான தொகை வேண்டும் என்ற மீள்குடியேற்றக் கொள்கை 2001இல் வந்தது. காணிக்காரரும் அமர்ந்து பேசும் குழுக்களும் அமைந்தன.

எனவே, 7ஆம் பிரிவுக் கடிதம் வந்தால் பேசாமல் இருக்காதீர்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். தொகை குறைவென்றால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய 21 நாட்கள்தான். மௌத்தான வாப்பாவின் பெயரிலேயே கிடக்கும் உறுதிகளை இப்போதே சரிசெய்து வையுங்கள்.